ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? இன்றே பாருங்கள்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். மதுரையில் ஒரு பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் கணினி மையத்தில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு நடந்தது இது. அங்கே கட்டிய பணம் 1,800 ரூபாய். கைவிட்டுப் போனது 36,000 ரூபாய்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. பிளஸ் டூவில் 600-க்கு 551. அப்பா லோடு ஏற்றுகிற வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு, தாயும் மகளும் அந்த மையத்துக்குப் போனார்கள். “சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்காலர்ஷிப், வருஷத்துக்கு அம்பதாயிரம் வரைக்கும் வரும். ப்ராசஸிங் சார்ஜ் மட்டும் கட்டுங்க” என்றார்கள்.

முதல் பொய் இந்தத் தொகையில்தான் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் அந்த உதவித்தொகை (‘சென்ட்ரல் செக்டர் ஸ்கீம்’ என்பது அதன் பெயர்), பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதுகலைக்குப் போனால் 20,000. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் மாநில வாரியத்தில் அந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்களை அவரவர் பாடப்பிரிவில் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், மேலே இருக்கும் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். ரெகுலர் படிப்பாக இருக்க வேண்டும்; தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் என்று ஒரு பைசாகூடக் கிடையாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில், அதாவது என்.எஸ்.பி.யில், எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டும் வேலையே இல்லை. நெட் சென்டரில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதற்கு ஐம்பதோ நூறோ கேட்டால் அது அவர்கள் உழைப்புக்கான கூலி, கொடுக்கலாம். “கவர்மென்ட்டுக்குக் கட்டணும்” என்று சொல்லி வாங்கினால் ஏமாற்று.

அன்றைக்கு அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என்.எஸ்.பி.யில் முதலில் ஓ.டி.ஆர். என்னும் ஒரே தடவைப் பதிவைச் செய்ய வேண்டும். அதில் இரண்டு ஓடிபி வரும். ஒன்று, பதிவில் நாம் கொடுக்கும் போன் நம்பருக்கு. இன்னொன்று, ஆதாரில் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு. ஆதாரில் அம்மாவின் நம்பர் இருந்தது. அதற்கு வந்த ஆறு இலக்கத்தை அந்த அம்மா கண்ணை இடுக்கி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். இன்னொரு ஓடிபி எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. அது மேஜைமேல் இருந்த மையத்துக்காரர் போனுக்குப் போயிருக்கிறது. “எல்லாரு அப்ளிகேஷனையும் நாங்களேதான் பாத்துக்கிறோம் பாப்பா, நீங்க அலைய வேணாம்” என்று சொல்லியிருக்கிறார். அதை உதவி என்றே நினைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லாம் போனது. பதிவில் இருக்கும் நம்பர் யார் கையில் இருக்கிறதோ, விண்ணப்பம் அவர் கையில். பாஸ்வேர்டை மாற்றவும், கல்லூரி திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்தவும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். இதை வைத்தே வருடா வருடம் பிள்ளைகளைக் கூப்பிட்டு “ரினிவல் சார்ஜ்” வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவர்களில் ஒருவர் நம்பரையோ, பிள்ளையின் சொந்த நம்பரையோ மட்டும் கொடுங்கள். மூன்று ஆண்டுக்கு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கப் போகிற சிம்மாக அது இருக்கட்டும்.

வீட்டுக்கு வரும்போது அந்த மாணவி கையில் இருந்தது உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டு. மேலே நீலப் பேனாவில் ஒரு எண், அதன் கீழே “அப்ளைடு” என்று ஒரு சொல், தேதி, ஒரு சுழி. கடையின் முத்திரைகூட இல்லை. அந்த எண் விண்ணப்ப எண் அல்ல. ஆதார் சரிபார்ப்பு முடிந்ததும் தளம் கொடுக்கும் ரெஃபரன்ஸ் எண், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் என்.எஸ்.பி.யின் ஓ.டி.ஆர். செயலியும் போட்டு, மாணவி தன் முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அப்போதுதான் 14 இலக்க ஓ.டி.ஆர். எண் கிடைக்கும். அந்த எண்ணோடு உள்ளே போய், திட்டத்தைத் தேர்ந்து, விவரம் நிரப்பி, கடைசியாக ‘ஃபைனல் சப்மிட்’ கொடுத்தால்தான் விண்ணப்ப எண் உருவாகும். அது நம் மாநிலத்துக்கு ‘டி.என்.’ என்று தொடங்கும். அந்த எழுத்துகளுக்கு அடுத்துக் கல்வியாண்டைக் குறிக்கும் இலக்கங்கள் வரும். அந்தப் பிள்ளையை யாரும் போன் முன்னால் முகம் காட்டச் சொல்லவே இல்லை. ஆக, விண்ணப்பம் என்று ஒன்று அங்கே பிறக்கவே இல்லை.

விண்ணப்பம் போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: 14 இலக்க ஓ.டி.ஆர். எண், ‘டி.என்.’ என்று தொடங்கும் விண்ணப்ப எண், முழு விண்ணப்பத்தின் பிரிண்ட். அந்தப் பிரிண்டில் போன் நம்பரும் கல்லூரிப் பெயரும் இருக்கும். கடையை விட்டு இறங்கும் முன்பே இரண்டையும் படித்துப் பாருங்கள்.

கல்லூரிப் பெயரை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே பெயர்ச் சாயலில் நம் ஊரில் பல கல்லூரிகள் உள்ளன. தளத்தில் பட்டியலைத் தட்டும்போது ஒரு வரி மாறிவிட்டால், விண்ணப்பம் வேறு கல்லூரியின் லாகினுக்குப் போய்விடும். அங்கே இருப்பவர் “இந்த மாணவர் எங்களிடம் இல்லை” என்று தள்ளிவிடுவார். கல்லூரி அலுவலகத்தில் ‘ஏ.ஐ.எஸ்.எச்.இ. கோடு’, அதாவது ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண், எது என்று கேளுங்கள். கல்லூரிகளுக்கு அது ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். அதை வைத்துத் தேர்ந்தால் தவறாது.

சமர்ப்பித்தவுடன் அச்சிட்ட விண்ணப்பம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் எல்லாவற்றையும் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் அலுவலரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் தன் லாகினில் சரிபார்த்து மேலே அனுப்பாத விண்ணப்பம் அங்கேயே கிடந்து காலாவதியாகும். மாணவர் சமர்ப்பிக்கக் கடைசி நாள் வேறு, கல்லூரி சரிபார்க்கக் கடைசி நாள் வேறு. இரண்டும் தளத்தின் முகப்பிலேயே திட்டத்தின் பெயருக்கு நேரே போட்டிருக்கும். விண்ணப்ப நிலையில் ‘டிஃபெக்டிவ்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். திருத்தி மறுபடி அனுப்பு என்று அர்த்தம். ஆனால் அந்தச் செய்தியும் பதிவில் உள்ள போனுக்குத்தான் வரும்.

இந்த மாணவி, கல்லூரியில் சரிபார்ப்புக்குப் பெயர் வாசித்த அன்றுதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். “உன் பேரு எங்க லாகின்ல வரவே இல்லையேம்மா” என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மறுநாள் மையத்துக்கு ஓடினால், “சர்வர் ப்ராப்ளம், அடுத்த வருஷம் போட்டுக்கலாம்” என்று பதில். இதுதான் இரண்டாவது பொய், முதல் பொய்யைவிடக் கொடியது. இந்தத் திட்டத்தில் புது விண்ணப்பம் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும்தான். அந்த ஆண்டு விட்டுப்போனால் இரண்டாம் ஆண்டில் புதிதாகப் போட வழியில்லை. புதுப்பித்தல் என்பது முன்பே கிடைத்தவர்களுக்கு மட்டும், அதற்கும் 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். 12,000 வீதம் மூன்று ஆண்டுப் பணம் அந்தத் துண்டுச் சீட்டோடு போயிற்று.

வருமானச் சான்றிலும் ஒரு வலை விரிக்கிறார்கள். இ-சேவை மையத்தில் இதற்குக் கட்டணம் 60 ரூபாய், ரசீது தருவார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதலாகி வரும்; அதற்குச் சில நாள் ஆகத்தான் செய்யும். “ஆயிரம் குடுங்க, சாயங்காலம் வாங்கிக்கங்க” என்று சொல்கிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேறொருவர் சான்றில் பெயரை மாற்றி அச்சடித்த தாள். சான்றில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே யார் பெயருக்கு வழங்கியது என்று தெரிந்துவிடும். கல்லூரியில் அது பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவது மட்டுமல்ல, போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் பிள்ளைமேல் விழும், மையத்துக்காரர்மேல் விழாது. நல்ல சான்று கையில் இருந்தும் கெட்டுப்போவதுண்டு: சான்றில் 72,000 என்று இருக்கும், விண்ணப்பத்தில் 60,000 என்று தட்டியிருப்பார்கள். ஒரு ரூபாய் வித்தியாசமும் வேண்டாம். சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், பழையதை இணைக்காதீர்கள்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக இருக்கும். எழுத்துப் பிழையே இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே ஆதாரைத் திருத்திவிடுங்கள். விண்ணப்ப நேரத்தில் ஓடினால் நாள் போதாது.

வங்கிக் கணக்கில் நடப்பது பலருக்கும் தெரிவதில்லை. உதவித்தொகை, நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணோடு எந்த வங்கி சீடிங் ஆகியிருக்கிறதோ, அதாவது அரசுப் பணம் வருவதற்காக இணைக்கப்பட்டிருக்கிறதோ, அங்கே போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்து வைத்திருப்பது வேறு, சீடிங் வேறு. ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் சீடிங்கில் இருக்கும்; கடைசியாக எது ஏறியதோ அது. சில கடைகளில் “ஸ்காலர்ஷிப்புக்குப் புது அக்கவுண்ட் வேணும்” என்று விரல் வைக்கச் சொல்லி, பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள். சீடிங் அங்கே மாறிவிடுகிறது. பணம் வந்தும், ஊர் வங்கியில் பாஸ்புக்கைப் பதிய வைத்தால் ஒன்றும் இருக்காது. மாணவரே வீட்டில் இருந்து என்.எஸ்.பி. விண்ணப்பம் போட விரல் ரேகை தேவையில்லை. கடையில் விரல் வைக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ‘மை ஆதார்’ தளத்தில் உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் எந்த வங்கி என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு, வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் “டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்யணும்” என்று அந்தச் சொல்லிலேயே எழுதிக் கொடுங்கள் (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது).

மாநில அரசுத் திட்டங்களுக்கு இடைத்தரகரே வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பதிவு கல்லூரி வழியாகவே நடக்கும். இதற்கு வெளியே யாராவது 500 கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகையை வைத்தும் பிள்ளை பிடிக்கிறார்கள். அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த இடத்துக்குத்தான். “மேனேஜ்மென்ட் கோட்டாவிலயும் வாங்கித் தர்றோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஒரு தாளும் கொடுக்க வேண்டாம். சரிபார்த்தவுடன் அசலைக் கையோடு திருப்பி வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் “செலக்ட் ஆகிட்டீங்க” என்று வரும் செய்தியைத் திறக்கும் முன், விண்ணப்பமே போடாத உதவித்தொகை எப்படிக் கிடைக்கும் என்று யோசியுங்கள். அதில் வரும் ஏ.பி.கே. ஃபைலை, அதாவது போனில் செயலியாக ஏறிக்கொள்ளும் ஃபைலை, இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால், ஆன்லைனில் பணம் போயிருந்தால் அதே மணி நேரத்தில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். கையில் கொடுத்த பணம் என்றால், துண்டுச் சீட்டு, பணம் கொடுத்த விவரம், கடையில் பேசிய மெசேஜ் எதையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். பதிவில் அந்நியர் நம்பர் இருந்தால் கல்லூரி ஸ்காலர்ஷிப் அலுவலரிடமும், என்.எஸ்.பி. உதவி மையம் 0120-6619540 என்ற எண்ணிலும் உடனே சொல்லுங்கள்.

அந்தத் துண்டுச் சீட்டு போன்ற ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நீலப் பேனாவில் ஒரு எண், கீழே “அப்ளைடு”. எடுத்துப் பாருங்கள். எண்ணின் முன்னால் ‘டி.என்.’ இல்லை, பிள்ளை போனில் முகம் காட்டியதும் இல்லை என்றால், கடைசித் தேதி இன்னும் முடியாத பட்சத்தில் நாளைக் காலையிலேயே பிள்ளையை ஆதாரோடு கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.