உமி வாயுவாக்கத்துக்கு ஓப்பன்ஃபோம்: தொடக்கநிலைப் பயனரின் மதிப்புரை

கிளிநொச்சி நெல் ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் உமியைக் குறைந்த காற்றில் சூடாக்கி எரிவாயுவாக மாற்றி (இதுவே வாயுவாக்கம்), அந்த வாயுவில் இயந்திரம் ஓட்ட முடியுமா என்ற கேள்வியோடுதான், வாயு, திரவங்களின் பாய்ச்சலையும் வெப்பத்தையும் கணித்துக் காட்டும் ஓப்பன்ஃபோம் மென்பொருளை என் மடிகணினியில் நிறுவினேன். 2004 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கும் இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. வன்னி மாணவருக்கு இது பெரும் உதவி.

பொத்தான்களை அழுத்தி நடத்தும் மென்பொருள் அன்று இது. எல்லைநிலைகளை, அதாவது சுவர், நுழைவாய் போன்ற ஓரங்களில் வேகமும் வெப்பநிலையும் எவ்வளவு என்பதை, எழுத்துக் கோப்புகளில் நாமே எழுதவேண்டும். ஓரிடத்தில் அரைப்புள்ளி விடுபட்டாலும் கணிப்பு பிழைகாட்டி நின்றுவிடும். ஆகவே நேரே எரிதலுக்குப் போகாமல், மென்பொருளோடு கூடவே வரும் சதுரக் குழிப் பயிற்சியை, அதாவது மேல்மூடி மட்டும் நகரும் 400 கலங்கள் (கணிப்புக்காகப் பிரித்த சிறு கட்டங்கள்) கொண்ட எளிய பாய்ச்சலை, முதலில் செய்துபாருங்கள். பிறகு வெப்பம், அதன் பின்னரே வேதித் தாக்கம்.

உமிக்கு வரும்போதுதான் குறை தெரிகிறது. சில பதிப்புகளில் உள்ள கோல்கெமிஸ்ட்ரிஃபோம் என்னும் தீர்வி (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) வளியில் மிதந்து செல்லும் நிலக்கரித் துகள்களுக்கானது. அதன் ஆவியாகு பொருள், கரி, சாம்பல் விகிதங்களை உமிக்கேற்ப மாற்றலாம். உமியின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பல் என்பதால் இந்த மாற்றத்தைத் தவிர்க்கவே முடியாது. ஆனால் வாயு மேலிருந்து கீழே செல்லும் கீழ்நோக்குப் பாய்ச்சல் வாயுவாக்கியில் உமி படுக்கையாக அடைந்து கிடக்கிறது. அதை நுண்துளை ஊடகமாக, அதாவது இடைவெளிகளின் வழியே வாயு புகுந்து செல்லும் திண்மமாகக் கொண்டு, காபனீரொட்சைட்டும் நீராவியும் கரியோடு தாக்கமுற்றுக் காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் தருவதை நாமே சேர்க்கவேண்டியிருக்கிறது. எனக்கு அதிக நாட்களை எடுத்தது இந்த வேலைதான். ஆயினும், காற்றுத் துளையருகே வெப்பநிலை உயர்ந்து கீழே தணிவதைப் முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளின் திரையில் கண்டபோது வாயுவாக்கியின் உள்ளே நடப்பது எனக்கு முதன்முறையாக விளங்கியது.