ஒளிரும் நானோவைரம்: நாலு வருஷப் பழக்கம்

2021 கடைசியில் எங்கள் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு ஒரு சின்னக் குப்பி வந்தது. 100 நானோமீற்றர் அளவு ஒளிரும் நானோவைரம், தண்ணீரில் கலந்தபடி. சாயத்துக்குப் பதிலாகக் கலத்துக்குள் விட்டு, நுணுக்குக்காட்டியில் அதன் ஒளியைப் பார்க்கிற வைரத்தூள். பார்வைக்கு அரிசி கழுவின தண்ணீர்தான். "வைரம் வாங்கினீங்களாம், மோதிரம் எங்கே?" என்று கன்டீனில் கேட்காத ஆள் இல்லை.

முதல் இரண்டு கிழமை ஒன்றுமே தெரியவில்லை. பொருள் பழுது என்றே நினைத்தோம். பழுது எங்கள் பில்டரில். வைரத்துக்குள் ஒரு காபன் அணுவின் இடத்தில் நைதரசன் இருந்து, அதற்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தால், பச்சை ஒளி பட்டதும் அந்தப் புள்ளி 600 முதல் 800 நானோமீற்றர் வரையான அலைநீளத்தில் சிவப்பாக ஒளிரும். வழக்கமான சிவப்புச் சாயங்களுக்கான எங்கள் பில்டர் 620க்கு மேல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டது. 650க்கு மேலே விடுகிற பில்டர் போட்ட பிறகும் கண்ணால் பார்த்தால் மங்கல்தான், நம் கண் அந்தச் சிவப்பில் அரைக்குருடு. கறுப்பு வெள்ளைக் கமராவில் பாருங்கள், கலத்துக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கலத்தின் சொந்த மினுக்கமும் அந்த நிறத்தில் குறைவு.

2022 மார்ச் முடிவில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது ஞாபகம் இருக்கும். பிரீசரில் இருந்த சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகள் உருகி வீணாகின. ஆய்வுகூட அண்ணா இந்தக் குப்பியைக் கையில் எடுத்து, "தங்கச்சி, இதையும் ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கட்டோ?" என்றார். வேண்டாம் அண்ணா, உறைந்தால்தான் இது கட்டிபடும் என்றேன். கொழும்பு வெக்கையில் மேசையிலேயே கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒளிர்கிற இடம் வைரத்துக்குள் பூட்டிக் கிடப்பதால் வெளுப்பதில்லை, விட்டு விட்டு மினுங்குவதும் இல்லை. அந்த வருஷம் செய்த சிலைட் ஒன்றைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். கருவுக்குப் போட்ட நீலச் சாயம் வெளிறிவிட்டது, சிவப்புப் பொட்டுகள் அப்படியே இருந்தன. 2022 டொலர் தட்டுப்பாட்டில் அடுத்த பார்சல் எப்போது வருமென்று தெரியாமல் இருந்த எங்களுக்கு இதைவிடப் பெரிய குணம் வேறிருக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். உப்புக் கரைசலைக் கண்டால் கூட்டாக ஒட்டிக்கொள்ளும். வளர்ப்பு ஊடகத்துக்குள் நேரே ஊற்றினால் கலத்தின் மேல் மண்ணள்ளிப் போட்டதுபோல் இருக்கும். முதலில் அல்புமின் புரதத்தோடு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கலக்கி, மேலே ஒரு பூச்சு பிடித்த பிறகே ஊடகத்தில் சேர்க்கிறோம். அடுத்தது, கலம் இதை விழுங்கிப் பைகளுக்குள் அடைத்துவிடும். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் நிறம் காட்டச் சொன்னால் எனக்கு இது கைவரவில்லை, அதற்கு இன்னமும் பழைய சாயம்தான். கலங்களைப் பல நாள் பின்தொடர என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதுவே. 40 நானோமீற்றரும் வாங்கிப் பார்த்தோம். மங்கல், காசுக்கு நட்டம்.

நுண்ணலையோடு சேர்த்தால் கலத்தின் வெப்பநிலையே அளக்கலாம். வைரத்துக்குள் இருக்கும் அந்த நைதரசன் புள்ளிக்கு 2.87 கிகாஹேர்ட்ஸில் இருக்கிற நுண்ணலை அதிர்வு, ஒரு பாகை சூடேறினால் சுமார் 74 கிலோஹேர்ட்ஸ் கீழிறங்கும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. கன்டீன் மைக்ரோவேவ் 2.45, அது சோறு சூடாக்கத்தான்.

குப்பியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. எடுக்க முன் பத்து நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலியலையால் குலுக்குவது) வையுங்கள். அடியில் படிந்ததைக் கையால் குலுக்கினால் போதுமென்று நான் ஒரு கிழமை வேலையைக் கெடுத்திருக்கிறேன்.