நாலு குளிர்காலம், ஒரே ஒரு சுவிட்ச்

பழுதுபார்க்கப் போயிருந்த என் பனிச்சரிவு பீக்கன் போன வாரம் திரும்பி வந்தது. பனி மலை ஏறும்போது உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி இது: நாம் புதைந்தால் இருக்கும் இடத்துக்குச் சிக்னல் அனுப்பும், வேறொருவர் புதைந்தால் அவருடைய சிக்னலைத் தேடும். பேட்டரி கசிந்து முனைகளில் பச்சை பூத்திருந்தது. தப்பு என்னுடையதுதான். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்காமல், கோடை முழுக்க அலமாரியில் அப்படியே போட்டுவிட்டேன். அதே வாரம் நண்பர் ஒருவர், "இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

457 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், மூன்று ஆன்டெனா என்பதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. என் சண்டை சுவிட்சோடு.

அனுப்பும் நிலையிலிருந்து தேடும் நிலைக்கு மாற்ற, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே மேலே உள்ள சுவிட்சைத் தள்ள வேண்டும். வீட்டுக்குள் வெறுங்கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். மலை மேல் தடித்த கையுறை, பொத்தானைச் சுற்றி உறைந்த பனி. பயிற்சிக்காக இன்னொரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை சுவிட்சுக்கே 20 விநாடி போனது. கடைசியில் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்கு மேல் மூச்சுத்திணறல் வேலையைக் காட்டிவிடும். சரிந்து நின்ற பனியோ சிமெண்ட் போல இறுகிவிடும், தோண்டவே பெரும்பாலான நேரம் போகும். அதில் 20 விநாடியை ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குத் தாரை வார்க்க மனசு வரவில்லை.

சரி, நியாயத்தையும் சொல்கிறேன். சுவிட்ச் தானாக நகராமல் அந்தப் பொத்தானால் பூட்டியிருப்பது சும்மா இல்லை. தெரியாமல் தேடும் நிலைக்குப் போன பீக்கன் சிக்னல் அனுப்பாது. அதோடு புதைந்தால் நம்மைத் தேடி வருபவருக்கு ஒன்றும் கேட்காது. மூன்றாவது குளிர்காலத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஏறத் தொடங்கும் முன் ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடந்து போவது வழக்கம். அன்று நின்றது நான். ஒரு நண்பர் கடந்தபோது என் பீக்கன் மூச்சு விடவில்லை. அவருடையது வேறு மாடல், சுவிட்ச் சுலபமாக நகரும். மாட்டும்போது எங்கோ உரசித் தேடும் நிலைக்குப் போயிருந்தது. அன்று மட்டும் என் முரட்டுச் சுவிட்சைத் திட்டவில்லை. மறுநாள் மறுபடி திட்டினேன்.

தேடல் என்று வந்துவிட்டால் அருமையான கருவி. திரையில் வரும் அம்புக்குறி நேர்க்கோட்டில் கூட்டிப் போகாது, சிக்னலின் வளைவோடு சுற்றிப் போகும். தொடக்கத்தில் நம்பாமல் குறுக்கே வெட்டி நடந்து முழித்திருக்கிறேன். கடைசி மூன்று மீட்டரில் பனியை ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தினால் தூரத்தைக் காட்டும் எண் அழகாக இறங்கும். ஒரு காலத்தில் எண் தாறுமாறாகக் குதிக்கிறதே என்று இதற்கும் கருவியைத்தான் திட்டினேன். மார்புப் பையில் இருந்த போன்தான் காரணம். தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டுமாம். அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

இதை மாட்டினால் ஒரு அசட்டுத் தைரியமும் வருகிறது. போன குளிர்காலத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து குவித்திருந்த, 35 டிகிரி இருக்கும் ஒரு சரிவை நெருங்கினோம். ஸ்கீக்கு அடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம், முன்னால் ஒரு விரிசல் ஓடியது. அடியில் பலவீனமான அடுக்கு நொறுங்குகிறது என்று அதற்கு அர்த்தம். திரும்பிவிட்டோம். அந்த முடிவில் பீக்கனுக்கு எந்தப் பங்கும் இல்லை, ஆனாலும் அரை நிமிடம் தயங்கியதற்கு இது கழுத்தில் தொங்கியதும் ஒரு காரணம்.

நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு கடையிலேயே நாலு மாடலின் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். நான் மாற்றப் போவதில்லை, இப்போது 5 விநாடியில் தள்ளிவிடுகிறேன். புது ஆல்கலைன் பேட்டரி போட்டாயிற்று; சனிக்கிழமை ஏறுகிறோம்.