நடை, எட்டு நடை, ஆசனம், எழுந்தமர்தல்: முதுமையில் கால்வலுவைக் காப்பது எது?

என் தாயாருக்கு 73 வயது. நாள்தோறும் காலையில் மொட்டைமாடியில் 40 நிமிடம் நடப்பவர். பத்து ஆண்டுகளாக அந்த வழக்கத்தை அவர் விட்டதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், தரையில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் அமர்ந்தவரை எழுப்ப இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. "இவ்வளவு நடந்தும் எனக்கு ஏன் எழுந்திருக்க முடியவில்லை?" என்று அன்றிரவு அவர் கேட்டார். வயதானவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் பயிற்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அந்தக் கேள்வியே என்னைத் தூண்டியது.

முதலில், வயது எதைப் பறிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு குறைகிறது. அறுபதைத் தாண்டியபின் இந்த இழப்பு வேகமெடுக்கிறது. இதற்கு 1989இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். தசையின் அளவு குறைவதைவிட விரைவாக அதன் வலு குறைகிறது என்பதும், நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் மெதுவான இழைகளைவிடச் சட்டென்று விசை தரும் வேக இழைகளே அதிகம் மெலிகின்றன என்பதும் இங்கே முக்கியமானவை. சமதளத்தில் நிதானமாக நடப்பதற்கு மெதுவான இழைகளே பெரும்பாலும் போதும். தரையிலிருந்து எழுவதற்கும், படியில் ஏறுவதற்கும், கால் இடறும் கணத்தில் மற்றொரு காலை முன்வைத்து உடலைத் தாங்குவதற்கும் வேக இழைகள் வேண்டும். என் தாயாரின் கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

நடைப்பயிற்சியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. இதயத்துக்கும், இரத்த அழுத்தத்துக்கும், சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும், தூக்கத்துக்கும் அது நல்லது. செலவில்லை, கருவி வேண்டாம், பேச்சுத்துணையும் கிடைக்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நம் மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அதே வழிகாட்டுதல், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்துக்கு மூன்று நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வது நம் காதில் விழுவதேயில்லை. "தினமும் நடங்கள்" என்பதோடு மருத்துவச் சீட்டு முடிந்துவிடுகிறது. மேலும், முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சமநிலைப் பயிற்சிகள் விழுதலை ஏறத்தாழ கால் பங்கு குறைத்தன. அவற்றோடு வலுப்பயிற்சியும் சேர்ந்தபோது அந்தக் குறைவு மூன்றில் ஒரு பங்காகக் கூடியது. நடை மட்டும் என்றபோது உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. உடைந்த நடைபாதையும் தெருநாய்களும் உள்ள நம் தெருக்களில், ஏற்கெனவே தடுமாறும் ஒருவரை இருட்டு விலகாத வேளையில் வேகநடைக்கு அனுப்புவது அவருக்குத் தீங்காகவும் முடியலாம்.

பூங்காக்களில் இப்போது பரவலாகக் காணப்படும் எட்டு நடை, அதாவது 8 என்ற எண்ணின் வடிவில் நடப்பது, இதிலிருந்து சற்று வேறுபட்டது. எந்தத் திசையில் தொடங்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கொரு முறை திசை மாற்ற வேண்டும் என்றெல்லாம் விதிகள் சொல்லப்படுகின்றன; தீராத நோய்கள் தீரும் என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை. எனினும் அந்த வடிவத்தில் ஒரு நன்மை உண்டு: நேர்க்கோட்டு நடையில் இல்லாத திருப்பங்கள் அதில் இருக்கின்றன, உடல் எடை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சாய்கிறது. முதியோரின் நடைத்திறனை அளக்க ஐந்தடி இடைவெளியில் இரு குறிகளை வைத்து எட்டு வடிவில் நடக்கச் சொல்லும் சோதனை ஒன்றும் இயன்முறை மருத்துவத்தில் உண்டு. ஆகவே, சமநிலைக்கான துணைப்பயிற்சியாக அதனை ஏற்கலாம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.

ஆசனங்களைப் பொறுத்தவரை தமிழகத்துக்கு நெடிய மரபு உண்டு. சென்னையில் பல்லாண்டு கற்பித்து, நூறு வயதை எட்டி 1989இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், மாணவரின் உடல்நிலைக்கேற்ப ஆசனத்தை மாற்றித்தர வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, உடல் வளையாதவர்களுக்கும் ஆசனத்தை எளிதாக்கினார். நின்று செய்யும் ஆசனங்கள், குறிப்பாக நாற்காலியில் அமர்வதுபோல முழங்காலை மடித்து நிற்கும் உத்கட்டாசனமும், சுவரருகே ஒற்றைக்காலில் நின்று செய்யும் விருட்சாசனமும், தொடை வலுவையும் சமநிலையையும் உண்மையாகவே வளர்க்கின்றன. என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. முதியோருக்கென்று நடத்தப்படும் வகுப்புகளில் நான் பார்த்தவற்றில், நேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்தபடி கைகளை நீட்டுவதிலும் மூச்சுப்பயிற்சியிலும் கழிந்துவிடுகிறது. மனம் அமைதியடைகிறது, தோள்கள் இளகுகின்றன, கால்கள் மட்டும் இருந்தபடியே இருக்கின்றன. எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னே குனியும் ஆசனங்களையும், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும், முழங்கால் தேய்ந்தவர்கள் வஜ்ராசனத்தையும் தவிர்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொருவர் உடலையும் கேட்டறிந்து சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தாலொழிய இது பாதுகாப்பான தெரிவு என்று சொல்லத் தயங்குகிறேன்.

மெதுவான, தொடர்ச்சியான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சிக்கு ஆதாரம் வலுவாகவே உள்ளது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் விழும் அபாயமுள்ள 670 முதியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாழும் தமிழருக்கு இது குடியிருப்பின் கீழேயே கிடைக்கும். மதுரையிலும் திருச்சியிலும் ஆசிரியரைத் தேட வேண்டும்.

எஞ்சியிருப்பது வலுப்பயிற்சி. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி தரப்பட்டது. அவர்களது தொடைத்தசையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அது மேற்பார்வையில் கருவியைக் கொண்டு செய்த கடினமான பயிற்சி. வீட்டில் அப்படியே செய்ய முடியாது. ஆனால் தொண்ணூறு வயதிலும் தசை வளரும் என்பதை அது ஐயமறக் காட்டியது. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித்திட்டம் இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தது: கணுக்காலில் கட்டும் சிறு எடைகள், சமநிலைப் பயிற்சி, அவற்றோடு நடை. "மென்மையான பயிற்சி" என்று நாம் சொல்லும்போது காயம் விளைவிக்காதது என்றுதான் பொருள்கொள்ள வேண்டும். உடலிடம் ஒன்றும் கேட்காதது என்று பொருள்கொண்டால் தசைக்கு வளரக் காரணமே இல்லாமல் போய்விடும்.

ஆகவே, நடப்பவர் ஒருவர் இன்னும் ஒரே ஒரு பயிற்சியைத்தான் சேர்க்க முடியும் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சக்கரமில்லாத கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிவைத்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்து, எழும்போது மூச்சை வெளியே விட்டு, உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாதவர்கள் இருக்கையில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டியோ கைப்பிடியை ஊன்றியோ தொடங்கலாம். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் இதனோடு சேர்க்கலாம். மறுநாள் தொடையில் சிறிது வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி, நெஞ்சுவலி, தலைசுற்றல் ஆகியவை வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அண்மையில் விழுந்தவர்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டபின்னரே தொடங்குவது நல்லது.

உணவையும் இங்கே சொல்லியாக வேண்டும். தசை வளர்வதற்கு முதியோருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று வல்லுநர்கள் கருதுகின்றனர். காலையில் இட்லி, நண்பகலில் ரசஞ்சோறு, இரவில் கஞ்சி என்று இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. சுண்டலும் பருப்பும் தயிரும் முட்டையும் ஏதேனும் ஒரு வகையில் மூன்று வேளையிலும் வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

பலனை அளப்பதற்கு 30 நொடிச் சோதனை உண்டு: கையை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுவரையிலான பெண்கள் பத்துக்கும் குறைவாகவும், ஆண்கள் பன்னிரண்டுக்கும் குறைவாகவும் செய்தால், விழும் அபாயம் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. என் தாயார் முதல் நாளில் ஆறு முறை எழுந்தார். நடையை விடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலிப் பயிற்சியும் செய்துவந்தார். ஐந்தாவது மாதத்தில் பதினொன்றைத் தொட்டார். தரையிலிருந்து எழும்போது இப்போதும் முதலில் முட்டி போட்டு, ஒரு கையை முக்காலியில் ஊன்றித்தான் எழுகிறார். கைகொடுக்க ஆள் தேடுவதில்லை.