குளூட்டன் இல்லாத மாவு என்று 23,600 ரூபாய் வாங்கிக்கொண்டு கோதுமை மாவை அனுப்பினார்கள் – எச்சரிக்கைப் பதிவு

இன்று மாலைதான் ஆய்வக அறிக்கை கைக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்; ஆறிவிட்டால் "விட்டுத் தள்ளு" என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். துளியும் குளூட்டன் இல்லை என்று உறுதி சொல்லி, ஆறு மாதச் சந்தாவாக 23,600 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, செலியாக் நோய் உள்ள என் மகளுக்குக் கோதுமை மாவை அனுப்பியிருக்கிறாள் ஒருத்தி. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து, வீட்டிலிருந்தே மாவும் பிஸ்கட்டும் விற்கும் கடை அது. பெயரைப் போடவில்லை, வழக்கு கிழக்கு என்று வந்துவிடும் என என் கணவர் பயப்படுகிறார். இப்படிப்பட்டவர்களிடம் சிக்காமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. மூன்று வேளையும் கோதுமை உண்ணும் பஞ்சாப், ஹரியானா பக்கம் அதிகம், தெற்கே அபூர்வம். அதனாலேயே என் மகளுக்கு வயிறு உப்பி, பேதி நிற்காமல், எடை ஏறாமல் இருந்தபோது பூச்சி மருந்து கொடுத்தார்கள், அமீபா என்றார்கள், இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். ஹீமோகுளோபின் அசையவே இல்லை. கடைசியில் ஒரு குடல் நோய் நிபுணர்தான் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். பிறகு எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து, ஆயுள் முழுவதும். ஆகவே அவள் அனுப்பியதைக் கலப்பட மாவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலி மருந்து என்றே சொல்வேன்.

"நாம் அரிசி சாப்பிடுகிறவர்கள்தானே, இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்காத உறவினர் இல்லை. ரவையும் சேமியாவும் மைதாவும் ஒருபுறம் இருக்கட்டும். சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தை எடுத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். மால்ட் பானங்களில் பார்லி. ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை. மாவு மில்லில் நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து நாம் அரைக்கும் பச்சரிசியிலும் அது வந்துவிடும். இதற்காகவே வீட்டில் சின்னக் கிரைண்டர் வாங்கி, எல்லாவற்றையும் நாங்களே அரைத்துக்கொண்டிருந்தோம். மகளும் தேறினாள். முகத்தில் ரத்தம் வந்தது. டிடிஜி அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

ஆறாம் வகுப்பு போனதும் சப்பாத்தி கேட்க ஆரம்பித்தாள். பள்ளியில் சுற்றி உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் சப்பாத்தி ரோல் கொண்டுவருகிறார்கள். இவளுக்கு மட்டும் தினமும் இட்லி, இடியாப்பம், அடை. குழந்தை கேட்டதில் தவறில்லை. அரிசி மாவிலும் சோள மாவிலும் செய்து பார்த்தேன். தேய்க்கும்போதே ஓரம் விண்டு, கல்லில் போடுவதற்குள் நாலு துண்டாகிவிடும். குளூட்டன்தான் மாவைப் பிடித்து இழுத்து வைக்கும் பசை. அது இல்லாமல் மெல்லிய சப்பாத்தி எளிதில் வராது. அந்த நேரத்தில்தான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. மெத்தென்று உப்பி எழும் சப்பாத்தி வீடியோ. "செலியாக் குழந்தைகளுக்காக ஒரு செலியாக் அம்மா" என்று மேலே எழுதியிருந்தது.

போன் செய்தேன். விலையைப் பற்றி அவள் பேசவே இல்லை. "பாப்பாவுக்கு டிடிஜி இப்போது எவ்வளவு அக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். என் சொந்த அண்ணி இதுவரை கேட்காத கேள்வி அது. பயாப்ஸியில் எந்த நிலை என்று சொன்னார்கள், பால் ஒத்துக்கொள்கிறதா, வாய்ப்புண் வருகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். "என் மகனுக்கும் இதே நோய்தான் அக்கா. அவனுக்கு வறுக்கும் அதே வாணலியில்தான் உங்கள் பாப்பாவுக்கும் வறுக்கிறேன். எங்கள் வீட்டு வாசலுக்குள் கோதுமை வந்து வருஷக்கணக்காகிறது" என்றாள். இந்த நோயுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்த் தனி டப்பாவைத் திறந்து ஊட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் குரல் என்ன செய்யும் என்று. மாவு எப்படி இவ்வளவு நன்றாக இழுபடுகிறது என்று கேட்டேன். "இசப்கோல் சேர்க்கிறேன் அக்கா, அதுதான் ரகசியம்" என்றாள். இசப்கோல் உண்மையிலேயே மாவைச் சேர்த்துப் பிடிக்கும். எங்கள் உணவியல் நிபுணரும் சொல்லியிருக்கிறார். அந்த உண்மையை வைத்துத்தான் பொய்யை விற்றாள். ஆய்வகச் சான்றிதழ் என்று ஒரு படமும் வந்தது. மாதா மாதம் வாங்கினால் விலை அதிகம், ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 23,600 என்றாள். செல்போன் செயலி வழியாக அப்போதே அனுப்பினேன்.

அடுத்து நடந்ததை நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை. வயிற்றுவலி, பேதி, பள்ளிக்கு விடுப்பு. பால் மறுபடியும் ஒத்துக்கொள்ளாமல் போனது. குடல் கெட்டால் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். டிடிஜி மறுபடியும் மேலே. "எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது, வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பாருங்கள்" என்றார். பெருங்காயம் வரை பார்த்தோம். மகளைக்கூட அதட்டிக் கேட்டேன், பள்ளியில் யாரிடமாவது வாங்கித் தின்றாயா என்று. அவள் அழுதாள்.

கண்டுபிடித்தது அவள்தான். பூச்சி வரக் கூடாதென்று அந்த மாவுப் பாக்கெட்டுகளை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஈரம் பட்டு ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பி நின்றிருக்கிறது. பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்துவிட்டாள். அடியில் வேறொரு லேபிள். "மல்டிகிரைன் ஆட்டா. உள்ளடக்கம்: முழுக் கோதுமை மாவு, சோளம், கேழ்வரகு, கொண்டைக்கடலை." அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "கோதுமை உள்ளது". அதிகபட்ச விலை ஒரு கிலோ 95 ரூபாய். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் விலை 380, பச்சை நிறத்தில் கதிருக்குக் குறுக்கே கோடு போட்ட படம். வாணலியும் இல்லை, வறுப்பதும் இல்லை. மொத்த வியாபாரியிடம் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். நாளுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே செலியாக் நோயாளியின் குடல் கெடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் கையால் நெய் தடவி டப்பாவில் வைத்த ஒவ்வொரு சப்பாத்தியிலும் எத்தனை ஆயிரம் மில்லிகிராம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டால் தூக்கம் வராது.

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். முதல் பதில்: "பாப்பா வெளியில் ஏதாவது சாப்பிட்டிருப்பாள் அக்கா, நன்றாக விசாரியுங்கள்." லேபிளைப் பற்றிக் கேட்டால், "பழைய பாக்கெட்டை மறுபடி பயன்படுத்தினோம், உள்ளே இருப்பது எங்கள் மாவுதான்." பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரல் போய்விட்டது. போனை வேறு ஓர் ஆண் எடுத்து "எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும் மேடம்" என்றார். என்ன குழு? மறுநாள் அடுத்த ஆர்டருக்கு முப்பது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. குழந்தை மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டு கிடக்கிறாள், இவர்கள் கூப்பன் அனுப்புகிறார்கள். அவர்களின் பக்கத்தில் நான் எழுதியது நீக்கப்பட்டது, பிறகு என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள்.

பணம் அனுப்பிய செயலியின் உதவி மையத்தைக் கேட்டால், "நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது." வங்கிக்குப் போனால் செயலியைக் கேட்கச் சொல்கிறார்கள். சமூக ஊடக நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால், "பரிசீலித்தோம், இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை" என்று இயந்திரத்தின் பதில். 23,600 ரூபாயை விடுங்கள், ஒரு குழந்தையின் குடலைக் கெடுப்பது எந்த விதியில் வராது?

பிறகுதான் ஸ்டிக்கரில் இருந்த உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில் ஊறுகாய் போடும் ஒருவருடைய எண் அது. திருச்சியில் அவளிடம் பிஸ்கட் வாங்கிய ஓர் அம்மாவையும் தேடிப் பிடித்துப் பேசினேன். அவரிடம் மகன் கதை இல்லை. "எனக்கே செலியாக்தான்" என்று சொல்லியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு நோயாளி. திறக்காத ஒரு பாக்கெட்டை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதற்குத் தனிச் செலவு. குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இன்று வந்த அறிக்கையில் அவர்களின் பரிசோதனை அளக்கக்கூடிய உச்ச அளவையே தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் நடக்கிறது. இப்போது கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு என்று புது விளம்பரம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். மகளுக்கு மருந்து கொடுக்கும் நேரம், சுருக்கமாக முடிக்கிறேன். உரிம எண் 14 இலக்கம்; பணம் அனுப்பும் முன் அது யாருடையது என்று அரசுத் தளத்தில் பாருங்கள். ஆய்வகச் சான்றிதழில் தொகுதி எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கே போன் செய்து கேளுங்கள், படத்தை நம்பாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். குளூட்டன் இல்லாத மாவு ரப்பர் போல இழுபட்டால் சந்தேகப்படுங்கள். சந்தா என்று மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், 23,600 என்ன, 600 கூடக் கட்டாதீர்கள். வயிறு சரியில்லை என்று நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள், நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும், இணையப் பண மோசடிக்கான 1930-க்கும் உடனே பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை நாங்கள் அங்கே போகிறோம், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் மனு கொடுக்கிறோம். இதேபோல் கதிருக்குக் குறுக்கே பச்சைக் கோடு போட்ட ஸ்டிக்கர் உங்கள் வீட்டில் இருந்தால் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல், பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். திருச்சி அம்மா சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.