செத்த நூற்புழுவை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் "நன்மை நூற்புழு" (மண்ணில் இருக்கும் பூச்சிப் புழுக்களைக் கொல்லும் நுண்ணிய உயிர்) என்று ஒரு கிலோ பொட்டலத்தைத் தோட்டம் தோட்டமாக விற்றுக்கொண்டு ஒரு வியாபாரி வருகிறார். அவர் பெயரை நான் இங்கே போடவில்லை. சரக்கை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் யார் விற்றாலும் பிடித்துவிடலாம்.

செட்டிநாட்டில் திராட்சையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கம்பத்திலிருந்து குச்சி கொண்டுவந்து அரை ஏக்கரில் பன்னீர் பந்தல் போட்டிருக்கிறேன். கவாத்து முடிந்து மொட்டு விடும் நேரம் பார்த்து ஒரு வண்டு வந்து துளிரைச் சுரண்டித் தின்றுவிடும். அதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைக் கடிக்கும். மேலே மருந்தடித்தால் வண்டு சாகும், கீழே இருப்பது அப்படியே இருக்கும். நூற்புழு தேடியது அதற்குத்தான்.

வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழு வேறு, இது வேறு. அரை மில்லிமீட்டர் நீளம்தான். பூச்சியின் புழுவைத் தேடிப் போய், வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே நுழைந்து, தான் சுமந்துவரும் பாக்டீரியாவைக் கக்கிவிடும். ஒன்றிரண்டு நாளில் ஆள் காலி. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற வகையைக் கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1992-ல் உலகுக்கு அறிவித்தார்கள். நம்ம ஊர்ச் சரக்கு. ஆகவே முறையில் பொய் இல்லை, பொய் அந்தப் பொட்டலத்தில்.

"அண்ணே, ஒரு தடவை ஊத்துங்க, மூணு வருசத்துக்கு வண்டு எட்டிப் பாக்காது. மாவுப்பூச்சிக்கு இலையிலயும் அடிக்கலாம்" என்றார் அந்த வியாபாரி. இலையில் வெயில் பட்டால் காய்ந்து செத்துப்போகும் உயிர் இது. ஈரமான மண்ணில், பொழுது சாய்ந்த பிறகு, தெளிப்பானின் வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஊற்ற வேண்டும். அப்படித்தான் ஊற்றினேன்.

அப்புறம் வேரடியைக் கொத்திப் பார்த்தால் புழுக்கள் வெள்ளை வெளேரென்று நெளிகின்றன. இந்த வகை நூற்புழு தாக்கிய புழு செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும். ஒன்றுகூட மாறவில்லை.

பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். தயாரிப்புத் தேதி மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் கீறினால் அடியில் முந்தைய வருடம். இன்னொரு பொட்டலத்தில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உயிருள்ளது நெளிந்து நீந்தும். இதில் எல்லாம் ஊசி ஊசியாக நீட்டிக் கிடந்தன, தட்டை ஆட்டினாலும் அசையவில்லை. சில வகை ஓய்வில் நேராகத்தான் கிடக்கும், ஆட்டினால் அசைந்துவிடும். அதனால் ஆட்டாமல் முடிவு செய்யாதீர்கள். லென்ஸ் இல்லாதவர்கள் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

போன் செய்தால், "உங்க செம்மண் சூடு தாங்காது அண்ணே" என்கிறார். தாங்காதென்றால் விற்கும்போது தெரியாதா? தகரக் கூரைக் குடோனில் அடுக்கி வைத்து, மதிய வெயிலில் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் மண்ணைக் குறை சொல்கிறார். கூடவே, இதைவிட நல்லதாம், பாட்டிலில் ஒரு திரவம் இருக்கிறதாம். நல்லா வருது வாயில.

பில்லில் "இயற்கை இடுபொருள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். தொகுதி எண் கிடையாது, எந்த வகை என்றும் கிடையாது. இப்படிப் பில் தந்தால் பணத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் சிவகங்கையில் போட்டிருக்கிறேன், ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலத்தோடு.

இப்போது தேவகோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டுக்கு என்று இதே பொட்டலம் இறங்குவதாகக் கேள்வி.