பள்ளிக்கரணையில் தவளைக் கணக்கு: டார்ச்சா, ரெக்கார்டரா?

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி) வந்தபிறகும் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் பறவைக்காரர்கள்தான். தவளைக்கு ஆள் குறைவு. ஓடில்லாத முட்டை, நீரையும் காற்றையும் உள்ளே விடும் தோல், பாதி வாழ்க்கை தண்ணீரில், மீதி கரையில். தண்ணீர் கெட்டால் தவளை சீக்கிரம் அடிபடும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கண்காணிக்க நினைக்கும் தன்னார்வலர்களுக்குக் கைக்கெட்டிய வழி இரண்டு. ஒன்று, இரவில் டார்ச்சோடு கரையோரம் நடந்து, குறித்த இடங்களில் ஐந்து நிமிடம் காது கொடுத்து மதிப்பெண் போடுவது. சத்தமே இல்லையென்றால் 0. ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் மோதிக்கொண்டாலும் பிரித்தறிய முடிந்தால் 2. ஒரே கூச்சலென்றால் 3. வட அமெரிக்காவில் 1997 முதல் 2015 வரை நடந்த தவளைக் கண்காணிப்பிலும் இதே மதிப்பெண் முறைதான். மற்றொன்று, ஆடியோமாத் மாதிரியான உள்ளங்கை அளவு ரெக்கார்டரை மரத்தில் கட்டிவிட்டு வருவது. வனத்துறை அனுமதி இரண்டுக்கும் வேண்டும்.

நான் ரெக்கார்டர் கட்சி. காரணம் மழை.

சென்னைப் பக்கம் பலூன் தவளை என்று ஒன்று உண்டு. வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும். நல்ல மழை கொட்டும் சில இரவுகளில் மேலே வந்து கத்தும், இணைசேரும், மறுபடி மண்ணுக்குள் போய்விடும். மழைக்கு உடம்பெல்லாம் மஞ்சளாகி நீலப் பைகளை ஊதுமே, அந்தப் பெரிய தவளையின் கச்சேரியும் அதே சமயத்தில்தான். அதே இரவில் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நடைக்குப் பேர் கொடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் ‘அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்’ என்பார்கள், நியாயம்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை பலூன் தவளைக்கு நேராக 0 விழும். தவளை இல்லாததால் விழுந்த 0-வா, மழை இரவில் ஆள் போகாததால் விழுந்ததா என்பது ஐந்து வருடம் கழித்துத் தாளைப் புரட்டுபவருக்குத் தெரியாது.

இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர்மேல் தத்தி ஓடும் சாதாரணத் தவளையும் சொறித்தவளையும் சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். அவை போடும் சத்தத்தை வைத்துச் சதுப்பு நிலம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. யார் வராமல் போனார்கள் என்பதில்தான் சேதி. அதற்கு மழை இரவில் காது அங்கே இருந்தாக வேண்டும்.

பராமரிப்பு பெரிய சுமையில்லை. மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மெமரி கார்டு. ஜிப் பையில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா பொட்டலம். தவளைக் குரலுக்கு 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு 16,000 முறை அளந்து பதியும் வேகம்) போதும். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, அரைமணிக்கு ஐந்து நிமிடம் பதிந்தால் ஓர் இரவுக்குச் சுமார் 230 எம்பி. 32 ஜிபி கார்டு பருவமழை முடியும்வரை தாங்கும். பேட்டரி அவ்வளவு நாள் வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். மாற்றும்போது கடிகாரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். நேரம் தவறிய பதிவு குப்பை. உண்மையான வேலை கேட்பதில் இருக்கிறது. ஓர் இரவுக்கு இரண்டு மணி நேரம் யாரும் கேட்கப்போவதில்லை. எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரையிலான நான்கு துண்டுகளை மட்டும் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் என்ற ஒலிப்படத்தைக் கண்ணால் ஓட்டி, சந்தேகமான இடத்தை மட்டும் கேட்டால் போதும். குரல் எதுவென்று சண்டை வந்தால் மறுபடி போட்டுக் கேட்கலாம். நடையில் அந்த வசதி இல்லை.

நடைக்கென்று உள்ளதையும் சொல்லியாக வேண்டும். கத்தாத பெண் தவளை, தலைப்பிரட்டை, மரத்தவளையின் நுரைக்கூடு, கால் கோணிப்போன குட்டி, சாலையில் நசுங்கிக் கிடப்பது, இவை எதுவும் ரெக்கார்டருக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் யோசிக்காமல் டார்ச்சை எடுங்கள். தண்ணீரை மொண்டு டி.என்.ஏ பார்க்கும் முறையும் உண்டு, ஆய்வகம் வேண்டும். நான் செய்து பார்க்காததால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

ரெக்கார்டர்தான் என்று முடிவெடுத்தால், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள். இல்லையென்றால் லாரி ஹாரனுக்குத்தான் 3 போட வேண்டியிருக்கும்.